பறக்கும் ரயில்: வண்டிக்கு நூறு, படிக்கட்டுக்கு முட்டை

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, சென்னையில் மந்தைவெளிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறாள். "அக்கா, டைடல் பார்க் வர பறக்கும் ரயிலை நம்பலாமா?" என்று கேட்டாள். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி வரை, பெரும்பாலும் தூண்களின் மேல் ஓடுகிற மின்சார ரயிலைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். வாட்ஸப்பில் நாலு வரி போடலாம் என்று ஆரம்பித்தது நாலு பக்கம் ஆகிவிட்டது. வருஷக்கணக்காக அதே வண்டியில் போய் வருகிறவளிடம் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது.

மந்தைவெளியில் ஏறினால் கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், அடுத்தது திருவான்மியூர். கால் மணி நேரம்கூட ஆகாது. இறங்கினால் எதிரே டைடல். இதே தூரத்தைப் பஸ்ஸிலோ ஸ்கூட்டியிலோ வருகிறவர்கள் அடையாறு சிக்னலில் நிற்கும்போது நாம் ஆபீஸில் முதல் காபியை முடித்திருப்போம். மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்துத் தகரம் நட்ட பிறகு இந்த வித்தியாசம் இன்னும் கூடிவிட்டது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சீசன் எடுத்தால் அதைவிட மலிவு. இந்த ஊரில் இந்தக் காசுக்கு ஷேர் ஆட்டோக்காரர் உட்காரக்கூட விடமாட்டார்.

கிரீன்வேஸ் சாலை தாண்டியதும் வண்டி அடையாற்றைக் கடக்கும். ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும், ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்கும். அந்த இடத்தில் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள்கூடத் தலை தூக்குவார்கள். இந்த ஒரு நிமிஷத்துக்காகவே மெட்ரோ வந்த பிறகும் இதை விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

வண்டி நின்றதும் அந்தப் பிரியமெல்லாம் போய்விடும், ஏனென்றால் இனி ஸ்டேஷனில் இறங்கவேண்டும்.

பறக்கும் ரயில் ஸ்டேஷன்களைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்துப் பாதியில் காசு தீர்ந்துபோனவர் விட்டுப்போன கட்டடம் மாதிரி இருக்கும். அத்தனை பெரிசு, அத்தனை காலி. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை முதல் வண்டி ஓடியது. பிறகு மயிலாப்பூர், திருவான்மியூர் என்று நீண்டு 2007-ல் வேளச்சேரி வந்தது. கட்டும்போது ஸ்டேஷனுக்குள்ளேயே கடைகள், அலுவலகங்கள் வரும், வாடகை வருமானம் கொட்டும் என்று கணக்குப் போட்டுத் தளம் தளமாக எழுப்பினார்கள். கடைகள் பெரும்பாலும் வரவில்லை, தளங்கள் மட்டும் நின்றுவிட்டன. ரோட்டிலிருந்து பிளாட்பாரத்துக்குப் போக, யாருக்கும் பயன்படாத அந்தக் காலி மாடிகளை எல்லாம் நாம்தான் ஏறித் தாண்டவேண்டும். வராத கடைகளுக்கு நம் முழங்கால் வாடகை கட்டுகிறது.

நான் இறங்குகிற ஸ்டேஷன் எது என்று கேட்காதீர்கள். சொன்னால் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு அப்பாவிக்குத்தான் திட்டு விழும். அங்கே லிஃப்ட் என்று ஒன்று உண்டு. ஓடுகிற நாளில் எங்களுக்கே சந்தேகமாக இருக்கும், உள்ளே ஏறத் தயங்குவோம். எஸ்கலேட்டரில் நாய்கள் படுத்திருக்கும். நிழலான நல்ல இடம், அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வாசல் இருந்தும் ஒரு பக்கத்தைப் பூட்டி வைத்திருப்பதால், எதிர்ச்சாரியில் வீடு இருக்கிறவர்கள் முழுக் கட்டடத்தையும் சுற்றிக்கொண்டு போகவேண்டும். பகலில் இதெல்லாம் சலிப்பு, அவ்வளவுதான். ராத்திரி எட்டரை மணிக்கு அந்த நீள நடைபாதையில் ஒரே ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது, கூடவே இறங்கிய முன்பின் தெரியாத அம்மாவோடு ஒட்டிக்கொண்டு படி இறங்கியிருக்கிறேன். அவரும் அதற்காகவே எனக்காக நின்றிருப்பார். பேசிக்கொள்ளமாட்டோம், சேர்ந்து நடப்போம்.

அதனால் தங்கச்சிக்கு என் யோசனை: வீட்டைப் பகலில் பார், ஸ்டேஷனை ராத்திரி பார். புரோக்கர் உன்னைக் காலை பத்து மணிக்குத்தான் கூட்டிப்போவார்.

நம்பலாமா என்ற கேள்விக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. கடற்கரை–எழும்பூர் நாலாவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாசம் என்றார்கள். மறுபடி கடற்கரை வரை ஓடியது 2024 அக்டோபர் 29. பாரிமுனைக்கும் சென்ட்ரலுக்கும் போகிறவர்கள் பதினாலு மாசம் நடுவில் இறங்கி வேறு வழி தேடினார்கள். மந்தைவெளி–திருவான்மியூர் பயணத்துக்கு அதனால் பாதகமில்லை என்றாலும், ஏழு பதினாலான கணக்கை மறந்துவிடாதே. எந்த அறிவிப்பையும் இரண்டால் பெருக்கிக்கொள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் நீட்டிப்பு 2008-ல் ஆரம்பித்து, ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலத் தகராறில் மாட்டிய கதையை எடுத்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். விட்டுவிடுகிறேன்.

நான் முணுமுணுப்பது வேறு விஷயம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி பாதை இதே திசையில்தான் வருகிறது. அதிலும் மயிலாப்பூர், மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, இந்திரா நகர், திருவான்மியூர் என்று கிட்டத்தட்ட அதே ஸ்டேஷன் பெயர்கள். மேலே நம் வண்டி ஆற்றைப் பாலத்தில் கடக்கிறது, புது வண்டி ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் கடக்கும். மூன்று வழித்தடங்கள், சுமார் 119 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊருக்குத் தேவைதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு துளியை முன்பே இந்தப் பக்கம் தெளித்திருந்தால், இருக்கிற ஸ்டேஷனில் ஒரு லிஃப்ட் ஓடியிருக்கும், நாலு டியூப்லைட் எரிந்திருக்கும், பூட்டின வாசல் திறந்திருக்கும். புதுசாகக் கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு. பல்பு மாற்றுவதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை.

இப்போது பறக்கும் ரயிலையும் மெட்ரோவிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் சம்மதம் சொல்லிவிட்டது. ஸ்டேஷன் புதுப்பிப்பு, ஏசி வண்டி என்று பேச்சு அடிபடுகிறது. உடன் பயணிக்கிற பெண்களுக்குள் இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, மெட்ரோ ஸ்டேஷன் மாதிரி பளிச்சென்று கழிவறையும் காவலும் வந்தால் போதும் என்கிறது. இன்னொரு கட்சி, மெட்ரோவில் குறைந்தபட்சமே 10 ரூபாய், வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கிறது. பூ விற்கிற அக்கா கூடையோடு ஏறுவதற்கு இடம் இருக்குமா என்பதும் அதே கேள்விதான். நான் காலையில் இரண்டாவது கட்சி, ராத்திரி இறங்கும்போது முதல் கட்சி.

ஆக, அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பிய கடைசிப் பதில்: "நம்பாதே. ஆனால் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷ நடையில் வீடு கிடைத்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடு." அவளுக்குப் புரியவில்லை. நாலு மாசம் போனால் புரியும், அவளும் திட்டிக்கொண்டே சீசன் எடுப்பாள்.

மெட்ரோக்காரர்களுக்கு ஒரே விண்ணப்பம். ஏசி மெதுவாக வரட்டும், ஆற்றுக் காற்று போதும். முதலில் படிக்கட்டில் விளக்கு, பிறகு லிஃப்ட், பிறகு பூட்டின அந்த வாசலுக்குச் சாவி, இந்த வரிசையில் செய்யுங்கள். செய்துவிட்டுக் கட்டணத்தை இரண்டு ரூபாய் ஏற்றினால்கூட நான் வாய் திறக்கமாட்டேன். ஐந்து ரூபாய் ஏற்றினால் நிச்சயம் திறப்பேன்.