அறைகளை மட்டும் எண்ணிக் கார்ப்பெட் சுத்தம் செய்ய விலை சொல்பவர்கள்: ஓர் எச்சரிக்கை

தொலைபேசியில் "எத்தனை அறை?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு உடனே விலை சொல்லும் கார்ப்பெட் சுத்தம் செய்பவர்களை நம்பாதீர்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவர்கள், முதலில் சொன்ன தொகையைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டு, என் தாயார் பாதுகாத்து வைத்திருந்த கம்பளி விரிப்பையும் கெடுத்துவிட்டுப் போனார்கள். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் எங்களை எப்படி மடக்கினார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன். துடைப்பதிலும் உறிஞ்சுவதிலும் நடந்த கோளாறுகள் பிறகு வந்தவை. மோசடி, விலையை மதிப்பிட்ட விதத்திலேயே இருந்தது.

வந்த இருவரும் நாற்காலிகளை ஒதுக்கினார்கள், கூடம் முழுவதும் மருந்து நீரைத் தெளித்தார்கள். கார்ப்பெட் நன்றாக நனைந்த பிறகுதான் மூத்தவர் ஒரு தாளை எடுத்தார். "சார், போனில் சொன்னது வெறும் தண்ணீர் வாஷுக்கு. ஷாம்பூ தனி, கறை தனி, நாற்றம் போக்குவது தனி." வேண்டாம் என்றால் அப்படியே கிளம்பிவிடுவதாகவும் சொன்னார். நனைத்துவிட்டு உறிஞ்சாமல் விட்ட கார்ப்பெட், அழுக்கான கார்ப்பெட்டைவிட மோசம். இழைகளுக்கு இடையில் இருந்த தூசி கரைந்து அடித்துணி வரை இறங்கி, அங்கேயே காய்ந்துவிடும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் தெளித்து முடித்த பிறகு பேரத்தைத் தொடங்கினார்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெளிப்பதற்கு முன் அவர்கள் வேக்குவம் கிளீனரைத் தொடவே இல்லை. கார்ப்பெட்டில் தங்கும் அழுக்கில் பெரும்பகுதி மண்ணும் தூசியுமான உலர்ந்த அழுக்கு. அதை முதலில் உறிஞ்சி எடுக்காமல் தண்ணீர் விட்டால் சேறுதான் ஆகும். ஒழுங்கான மதிப்பீட்டில் இந்த வேலை முதல் வரியில் இருக்கும். எங்கள் தாளில் அது எங்குமே இல்லை.

பிறகு பரப்பளவு. அறைக்கு இவ்வளவு என்று சொன்னவர்கள், பில் போடும்போது சதுர அடிக்குத் தாவினார்கள். அவர்கள் போனதும் நானே டேப் வைத்து அளந்தேன். ஓர் அறை 14 அடி 3 அங்குலத்துக்கு 12 அடி 2 அங்குலம், அதாவது சுமார் 173 சதுர அடி. பில்லில் 15-க்கு 13 என்று இரு பக்கமும் மேலே ஏற்றி 195 என்று போட்டிருந்தார்கள். உண்மையான பரப்பில் எட்டில் ஒரு பங்கு, காற்றில் வந்த கணக்காகக் கூடிவிட்டது. அது மட்டுமா? கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் யாரும் கை வைக்கவில்லை. அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினார்கள். தளபாடங்களை நகர்த்துவார்களா, நகர்த்தாத இடத்தைக் கழிப்பார்களா என்பதை முன்பே எழுதி வாங்கியிருந்தால் இந்த வாய்ப்பே அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் அந்தப் புற ஊதா விளக்கின் மேல். அறையை இருட்டாக்கி விளக்கைக் காட்டினார்கள், ஆங்காங்கே ஒளிர்ந்தது. "எல்லாம் செல்லப்பிராணியின் சிறுநீர், குழந்தை தவழும் இடம்" என்று பயமுறுத்தி, கிருமி நீக்கத்துக்கு ஒரு தொகையைச் சேர்த்தார்கள். சிறுநீர் அந்த ஒளியில் ஒளிரும் என்பது உண்மை. சலவைப் பொருள்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள்களும் அப்படியே ஒளிரும். எங்கள் வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. உண்மையிலேயே சிறுநீர் இறங்கியிருந்தால் அது கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள மெத்தை வரை போயிருக்கும்; மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. பெற்றோரின் பயத்தை விலைப் பட்டியலில் ஒரு வரியாக்குவது எவ்வளவு கீழ்த்தரம்!

கம்பளி விரிப்புக்கு வருகிறேன். அது என்ன இழை என்று யாரும் கேட்கவில்லை. கம்பளிக்குக் காரம் ஆகாது, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8.5-ஐத் தாண்டாத கரைசலைத்தான் பயன்படுத்த வேண்டும். நைலான் கார்ப்பெட்டுக்குக் கொண்டுவந்த அதே மருந்தை இதன் மேலும் தெளித்தார்கள். சிவப்புக் கரையின் சாயம் விரிப்பின் வெளிர் நிறப் பகுதிக்குள் கசிந்து நின்றுவிட்டது. கேட்டதற்கு, "பழைய சாயம் சார், அதற்கு எங்கள் எஸ்டிமேட்டில் பொறுப்பு இல்லை" என்றார்கள்.

பிறகு இன்னொரு தொழிலாளரை அழைத்தோம். அவர் வேலை தொடங்கும் முன்பே எனக்கு வித்தியாசம் புரிந்துவிட்டது. மண்டியிட்டு உட்கார்ந்து, விரிப்பின் மூலையைப் புரட்டி அடித்துணியைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று சோதித்தார். ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்தி முகர்ந்தார். முடி கருகும் வாசனை வந்தால் கம்பளி, உருகி மணிபோல் இறுகினால் செயற்கை இழை. கறை எதனால் வந்தது, எவ்வளவு காலம் ஆயிற்று, முன்பு எதைப் போட்டுத் துடைத்தோம் என்றெல்லாம் கேட்டார். கடைசியில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில், "சாயக் கசிவு முழுவதும் போகாது" என்ற வரியும் இருந்தது. வேலை கிடைப்பதற்கு முன்பே அப்படி எழுதத் துணிந்த மனிதரை நான் நம்பினேன்.

முதலில் வந்த நிறுவனத்திடம் புகார் செய்தபோது, "நேரில் பார்த்த பின் விலை மாறலாம்" என்று விளம்பரத்தின் அடியில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். மாறட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பார்த்துவிட்டு, புதிய தொகையை எழுதி, நம் சம்மதம் வாங்கி, அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடட்டும். அந்தத் தாள் கையில் வராமல் கருவிகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர விடாதீர்கள்.

புறப்படும்போது, "வேலை திருப்தி" என்ற படிவத்திலும் கையெழுத்துக் கேட்பார்கள். கார்ப்பெட் அப்போது ஈரமாக இருக்கும். ஈரத்தில் எல்லாக் கறையும் போனது போலத்தான் தெரியும். காயும்போது அடியில் தேங்கிய அழுக்கு ஈரத்தோடு இழைநுனிக்கு ஏறி வரும். எங்கள் கூடத்தில் மறைந்த கறைகள் அப்படித்தான் மீண்டும் தலைகாட்டின. அதிகமாகத் தண்ணீர் விட்டதால் கார்ப்பெட் இரண்டு நாள் கழித்தும் காயாமல் முடைநாற்றம் அடித்தது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க, நனைந்தவை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. ஆகவே கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால், பக்கத்திலேயே "ஈரமாக இருக்கும்போது இடப்பட்டது, காய்ந்த பின் பார்க்க வேண்டும்" என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியும் நேரமும் குறித்து, அந்தத் தாளை அவர்கள் முன்னாலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.