காரைக்குடிப் பழம்பொருள் கடையில் ராஜாஜி காலத்துக் காகிதங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தேக்குத் தூண், எனாமல் பாத்திரம், மரப்பெட்டி என்று தேடி வருபவர்கள் எந்தக் கடையில் நுழைந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். அரசியல் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள், பின்கட்டில் பழைய காகிதங்களுக்கென்றே ஓர் அறை ஒதுக்கியிருக்கும் கடையை விசாரித்துப் போக வேண்டும். தேர்தல் துண்டறிக்கைகள், கட்சி வார இதழ்கள், கட்டுக் கட்டாகப் பேரேடுகள், தலைவர்களின் படங்கள் எல்லாம் அங்கே உள்ளன.

காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர். படங்களுக்குச் சொல்லும் விலையில் பாதிகூட அங்கே ராஜாஜி படத்துக்கு இல்லை. நாட்டின் கடைசி கவர்னர் ஜெனரலாகவும், இருமுறை சென்னை ஆட்சிக்குத் தலைமை ஏற்றவராகவும் இருந்தவருக்கு மக்கள் மனத்தில் இவ்வளவுதான் இடமா என்ற விவாதம் அந்த அறையில் அடிக்கடி எழுகிறது. கடைக்காரர் அதைத் தடுப்பதில்லை. பேச்சு எந்தப் பக்கம் போகிறதோ அதற்குரிய காகிதத்தைத் தேடி எடுத்து மேசையில் வைக்கிறார். இந்தக் கடையை நான் பரிந்துரைக்க அதுவே முதற்காரணம்.

"வட்டியத் தள்ளுன மனுசன் படத்த நம்ம ஊருல யாருண்ணே வாங்குவா?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது, கடைக்காரர் 1930களின் பேரேடு ஒன்றை விரித்தார். ராஜாஜி அரசு 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டப்படி, 1932 அக்டோபர் 1க்கு முன் ஒரு விவசாயி பட்ட கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையாக நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியானது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அதே 1937இல்தான் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. கொண்டுவிற்கப் போன, அதாவது பர்மா போன்ற நாடுகளுக்குச் சென்று வட்டித்தொழில் செய்த, இப்பகுதி நகரத்தார் குடும்பங்களுக்கு இவ்விரண்டும் எத்தகைய இடியாக இருந்திருக்கும் என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது உணர முடிகிறது. ஆயினும், உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்து நிலத்தை இழந்துகொண்டிருந்த உழவர்களை எண்ணினால், அவர் செய்தவற்றுள் மிகச் சிறந்தது இச்சட்டமே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

வியப்பு என்னவென்றால், அந்தச் சட்டம் பாய்ந்த இதே சீமையின் காரைக்குடித் தொகுதிதான் 1962இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி வேட்பாளரான சா. கணேசனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. கம்பன் கழகத்தைத் தோற்றுவித்தவர் என்ற வகையில் அவருக்கென்றே விழுந்த வாக்குகள் பல இருந்திருக்கும். என்றாலும், ஒரு தலைவர் மீதுள்ள கோபம் ஓர் ஊரில் எக்காலத்துக்கும் ஒரே அளவில் நிற்பதில்லை என்பதை அந்தத் தேர்தலை வைத்தே வாதிடலாம்.

ஆறாத கோபமும் ஒன்று உண்டு. 1953இல் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று அவர் வகுத்த திட்டம், குலக்கல்வித் திட்டம் என்ற பெயரோடு இன்றும் பேசப்படுகிறது. இரண்டு வேளைப் பள்ளி நடத்தினால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்பது ஆதரவாளர் வாதம். சாதியே தொழிலைத் தீர்மானித்த ஊர்களில், சவரத் தொழிலாளியின் மகனைப் பாதி நாள் சவரக் கத்தியிடம் அனுப்பும் ஏற்பாட்டை அந்த வாதம் நியாயப்படுத்திவிடாது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். இரு தரப்பு அறிக்கைகளையும் ஒரே பெட்டியில் வைத்திருப்பது கடைக்காரரின் நேர்மையைக் காட்டுகிறது. 1938இன் இந்தி எதிர்ப்புக் காகிதங்கள் குறைவாகவே உள்ளன.

குறைகளும் உண்டு. காகிதங்களுக்கு உறை போடாததால் ஓரங்கள் பொடிந்து உதிர்கின்றன. சில பேரேடுகளில் கரையான் ஏறியிருக்கிறது. எதிலும் விலைச்சீட்டு இல்லை. வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் விலை ஏறுகிறது. கேட்காமல் ரசீது தருவதில்லை. இருப்புப் பட்டியல் ஒன்று எழுதி வைத்தால் ஆய்வு மாணவர்களுக்குப் பெரும் உதவியாகும்.

துண்டறிக்கைகள் நியாயமான விலைக்கே கிடைக்கின்றன. பேரேடுகளுக்குப் பேரம் பேச வேண்டும். சனி, ஞாயிறுகளில் சுற்றுலாக் கூட்டத்தால் பின்கட்டைத் திறப்பதில்லை. வார நாள் முற்பகலில் போனால், உட்கார்ந்து படித்துப் பார்த்து வாங்க அனுமதிக்கிறார்கள்.