வீட்டுத் தோட்டத்தில் வலை: ஆறு ஆண்டு அனுபவம்

தோட்டத்துக்கு வரும் பறவைகளை விரட்ட, பழைய சி.டி.க்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டதே எனது முதல் முயற்சி. ஒரு வாரம் வரை பறவைகள் விலகியிருந்தன; அடுத்த வாரம், சி.டி. கட்டிய குச்சியின் மீதே அமர்ந்துகொண்டு கீரை நாற்றைக் கொத்தின. ஒரே இடத்தில் இருக்கும் எதற்கும் அவை விரைவில் பழகிவிடுவதால், சோளக்கொல்லைப் பொம்மையாக இருந்தாலும் அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை.

மிளகாய்க் கரைசல் தெளித்ததில் அணில்கள் ஓரளவு தயங்கின. பறவைகள் சற்றும் பொருட்படுத்தவில்லை. மிளகாயின் எரிச்சலை உணரும் தன்மை அவற்றுக்கு இல்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஒரு மழை பெய்தால் அணிலின் தயக்கமும் இல்லாமல் போய்விடும்.

மூன்றாம் ஆண்டில் நைலான் வலை வாங்கினேன். அதைச் செடிகளின் மீதே போர்த்தியதுதான் நான் செய்த பெரிய பிழை. வலையை ஒட்டியிருந்த தக்காளிகளைப் பறவைகள் வெளியிலிருந்தே கொத்தின, கொடிகள் வலையின் கண்களுக்குள் நுழைந்து பின்னிக்கொண்டன. ஒரு நாள் காலையில், தளர்ந்து கிடந்த மடிப்பில் கால் சிக்கித் துடித்த சிறு குருவியைக் கத்தரிக்கோலால் விடுவித்த பிறகு, குழாய்களால் சட்டம் அமைத்து, செடிக்கு ஒரு சாண் விலகி நிற்குமாறு வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். இன்றுவரை பறவைகளைப் பொறுத்தவரை அதுவே போதுமானதாக இருக்கிறது.

வலைக்கண்ணின் அளவை அலட்சியப்படுத்தக் கூடாது. கொசுவலை போல நெருக்கமான ஒன்றைப் பூசணிக்கும் வெள்ளரிக்கும் போட்ட பருவத்தில், பூக்கள் நிறையப் பூத்தும் பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தன. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உள்ள இக்கொடிகளுக்குத் தேனீ வந்தே தீர வேண்டும். இல்லையேல் காலையில் நாமே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் பெரும்பாலும் அந்தச் சிக்கல் இல்லை.

எலிக்கு நைலான் ஒரு தடையே அன்று; கடித்துவிட்டு உள்ளே போய்விடும். ஆகவே அடிப்பகுதியில் மட்டும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை, மண்ணுக்குள் சுமார் 30 செ.மீ. இறங்கி வெளிப்புறமாக மடங்குமாறு பதித்தேன். குழி தோண்டுவது முதுகை ஒடிக்கும் வேலை என்றாலும், பெரிய எலிகளின் வரவு அத்துடன் நின்றது. சுண்டெலிகள் இன்றும் நுழைகின்றன. அவற்றுக்குக் கால் அங்குல இடைவெளியே போதும்.

முதலில் வாங்கிய சாதாரண வலை தனது இரண்டாம் கோடையில் வெயிலில் நொறுங்கிப் பொடியானது. புற ஊதாக் கதிரைத் தாங்குமாறு செய்யப்பட்ட இரண்டாவது வலை சற்று வெளுத்திருக்கிறதே தவிர, இழுத்தால் அறுவதில்லை. கம்பி வலை மண்மட்டத்தில் துருப்பிடித்திருப்பதால் அடுத்த பருவத்துக்கு முன் அந்த வரிசையை மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை, நிறம் திரும்பத் தொடங்கும் தக்காளிகளைப் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கிறேன்.