சென்னை–டொராண்டோ "டைரக்ட், 15 மணி நேரம்" என்று டிக்கெட் விற்றால் உஷார்

டொராண்டோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோரிடம், அதிலும் முதல் முறை விமானம் ஏறுகிறவர்களிடம், இந்த ஏமாற்று நடக்கிறது. "டைரக்ட் ஃபிளைட், 15 மணி நேரம்தான்" என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். கையில் கிடைப்பதோ ஒட்டுப்போட்ட இரண்டு டிக்கெட்.

அந்த 15 வெறும் வகுத்தல் கணக்கு. இரண்டு ஊருக்கும் இடையே மிகக் குறுகிய வான்தூரம் சுமார் 13,390 கி.மீ. அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 15 வரும். ஆனால் அந்தக் கோட்டில் பறக்கிற விமானமே கிடையாது. சென்னையிலிருந்து கனடாவின் எந்த ஊருக்கும் நான்ஸ்டாப் சேவை இல்லை. லண்டன் வழியாகப் போனால் முதலில் 8,230 கி.மீ., பிறகு 5,700 கி.மீ. மேற்கே போகும்போது எதிர்காற்று வேறு. வானத்தில் மட்டும் 18, 19 மணி நேரம் போய்விடும். காத்திருப்பையும் சேர்த்து 22 மணிக்குள் முடிந்தால் அது நல்ல டிக்கெட். "டைரக்ட்" என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். நடுவில் இறங்கி, அதே எண்ணில் மறுபடி பறக்கும் விமானத்துக்கும் அந்தப் பெயர்தான். "நான்ஸ்டாப்பா?" என்றே கேளுங்கள்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். அதிகாலை 3.30 புறப்பாடு, அதே தேதி மாலை 4.30 வருகை என்று காட்டி "பாருங்க, 13 மணிதான்" என்பார்கள். டொராண்டோவின் கடிகாரம் நமக்குப் பின்னால் இருக்கிறது: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி, மற்ற மாதங்களில் பத்தரை மணி. அதைக் கூட்டினால் இருபத்திரண்டரை அல்லது இருபத்துமூன்றரை. திரும்பி வரும்போது கழிக்க வேண்டும்.

பெரிய ஆபத்து ஒட்டு டிக்கெட்டில்தான். சென்னை–ஃப்ராங்க்ஃபர்ட் ஒன்று, ஃப்ராங்க்ஃபர்ட்–டொராண்டோ இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்துவிடுவார்கள். பெட்டி ஃப்ராங்க்ஃபர்ட்டோடு நின்றுவிடும். அதை எடுக்கக் குடிவரவைத் தாண்டி வெளியே போக வேண்டும். அதற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா தேவை, கனடா விசா உதவாது. சென்னை கவுன்டரிலேயே திருப்பி அனுப்பினாலும் கேட்க முடியாது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது ஏர்லைனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த டிக்கெட் பணம் போனதுதான்.

பி.என்.ஆரை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே டிக்கெட்டில் இரண்டு ஏர்லைன் இருந்தாலும் இரண்டு பி.என்.ஆர். வரலாம். 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். போகும் வழி முழுவதும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். எண்ணே இல்லாமல் பி.என்.ஆர். மட்டும் அனுப்பினால் அது வெறும் முன்பதிவு, பணம் கட்டாவிட்டால் தானாக ரத்தாகிவிடும். ஏர்லைனின் சொந்தத் தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்த்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள். செக்-இன் செய்யும்போது பெட்டியின் டேக்கில் டொராண்டோவின் குறியீடான ஒய்-ஒய்-இசட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், "டைரக்ட், 15 மணி" என்று ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். அதையும் ரசீதையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். கார்டில் கட்டியிருந்தால் அன்றைக்கே வங்கிக்கும் எழுதுங்கள்.