மாவு, டியூஷன், மொழிபெயர்ப்பு: சம்பளத்துக்கு வெளியே சம்பாதித்த அனுபவம்

கோவையில் சிங்காநல்லூர் பக்கம் குடியிருக்கிறோம். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை என்று சம்பளம் முழுக்கப் போய்விடுவதால், கொரோனா அடங்கிய காலத்திலிருந்து ஏதாவது ஒரு பக்க வருமானம் வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாவு வியாபாரம், டியூஷன், சேலை ரீசெல்லிங், ஆன்லைன் மொழிபெயர்ப்பு என்று நானும், மாலை நேர உணவு டெலிவரி என்று என் வீட்டுக்காரரும் செய்து பார்த்துவிட்டோம். சிலது இன்னும் நடக்கிறது, சிலதை நிறுத்திவிட்டோம். எது நின்றது, ஏன் நின்றது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் எல்லாவற்றையும் ஒரே விதமாகத்தான் எடை போடுவேன். மாதக் கடைசியில் கையில் நின்ற பணத்தை, அதற்குப் போன மொத்த மணி நேரத்தால் வகுப்பேன். மொத்தம் என்றால் மொத்தம்தான். பாத்திரம் கழுவிய நேரம், போனில் பதில் சொன்ன நேரம், பாக்கி கேட்டு நடந்த நேரம் எல்லாம் அதில் சேரும். "வீட்டிலிருந்தே மாதம் 30,000" என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

முதலில் மாவு. 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ முழு வெள்ளை உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம் போட்டு அரைத்தால் 12 கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின் மாவு வரும். நான் கடைசியாகக் கணக்குப் பார்த்தபோது இதற்குச் சாமான் செலவு 330 ரூபாய். கிலோ 45 ரூபாய்க்குக் கொடுத்தால் 540 வரும். உப்பு, கரண்ட், கவர் எல்லாம் கழித்தால் 190 ரூபாய் போல நிற்கும்.

இந்த 190 ரூபாய்க்கு எத்தனை மணி நேரம் போகிறது என்பதைக் கிரைண்டர்தான் தீர்மானிக்கிறது. வீட்டில் இருக்கும் 2 லிட்டர் டேபிள் டாப்பில் 4 கிலோ அரிசியை நாலு தடவையாகப் போட வேண்டும். ஊற வைத்தது, கழுவியது, அள்ளியது எல்லாம் சேர்த்தால் மணிக்கு 50 ரூபாய்கூடத் தேறாது. இதே வேலை 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரில் உளுந்து ஒரு தடவை, அரிசி ஒரு தடவை என்று முடிந்துவிடும். ஆள் நின்று பார்க்க வேண்டிய நேரமும் பாதிக்கு மேல் குறையும். எங்கள் ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கடையை மூடுகிறவர்கள் நல்ல மெஷினைப் பாதி விலைக்குக் கொடுப்பதும் இங்கே சாதாரணம். அப்படித்தான் நானும் ஒன்று வாங்கினேன். பழையது வாங்கினால் கல்லை மட்டும் கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கொத்த வேண்டியிருக்கும். அந்தக் கூலியையும் சேர்த்து விலை பேசுங்கள்.

உளுந்து விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பழைய உளுந்து பொங்காது, மாவு காணாது. கிலோவுக்கு 10 ரூபாய் மிச்சம் பிடித்தால் ஒரு கிலோ மாவு குறையும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கல் சூடேறிவிடும் என்பதால் ஃப்ரிட்ஜ் தண்ணீர்தான். பதம் பார்க்க, ஒரு டம்ளர் தண்ணீரில் துளி உளுந்து மாவைப் போடுவேன். மிதந்தால் அள்ளலாம், அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் ஓட வேண்டும். எத்தனை நிமிடம் என்று கேட்கிறவர்களிடம் நேரம் சொல்ல மாட்டேன், இந்த டம்ளரைத்தான் சொல்வேன்.

புளிப்புதான் நிரந்தரத் தலைவலி. டிசம்பரில் கோவைக் குளிருக்கு மாவு எழும்பவே எழும்பாது. "அக்கா, மாவு பொங்கவே இல்லீங்க" என்று காலையிலேயே போன் வரும். மே மாதத்தில் நேர் எதிர், மதியம் வாங்கிய மாவு இரவுக்குள் புளித்து வழியும். அதனால் வெயில் காலத்தில் உப்புப் போடாமலே கொடுக்கிறேன். வீட்டுக்குப் போய்த் தேவையானதை மட்டும் எடுத்து உப்புப் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள், மீதியை உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவேன். இதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு புகார் வெகுவாகக் குறைந்தது.

சட்டப்படி செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று உணவுப் பாதுகாப்புப் பதிவு. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் சிறு தொழில் என்று அப்போது இருந்த கணக்கில், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் போஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் வருடத்துக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன். 14 இலக்க எண் கொடுப்பார்கள், அதைக் கவரில் போட வேண்டும். இன்னொன்று கரண்ட். வீட்டு இணைப்பில் வியாபார மெஷின் ஓட்டுவது சரியில்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக் கட்டணமே வேறு அடுக்குக்கு ஏறிவிடும் என்பதால் அது லாபமும் இல்லை. வீட்டு உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்கித் தனி மீட்டர் போட்டுக்கொண்டேன்.

2019 பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு தூக்குப்போசி (தூக்குப் பாத்திரம்) கொண்டுவருகிறவர்கள் எங்கள் பக்கம் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறேன். கவர் மிச்சம் என்பதைவிட, போசியோடு வருகிறவர் நிரந்தர வாடிக்கையாளர் என்பதுதான் எனக்கு முக்கியம். சனிக்கிழமை மாலை, அமாவாசை, கிருத்திகை, அப்புறம் தீபாவளிக்கு முந்தின நாள், இந்த நாட்களில் எவ்வளவு அரைத்தாலும் போதாது. விளம்பரம் என்று நான் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ததில்லை. இரண்டு தெருவும் ஒரு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவும் போதும்.

குறை என்று பார்த்தால், லீவு கிடையாது. ஊருக்குப் போவதென்றால் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் சேர்ந்தாற்போல நிறுத்தினால் சிலர் கடை மாவுக்குப் போய்விடுவார்கள், திரும்பக் கொண்டுவருவது சிரமம். மணிக்கட்டு வலியும் இடுப்பு வலியும் நிஜம். ஊறிய அரிசிப் பாத்திரத்தைத் தூக்க வீட்டில் இன்னொரு ஆள் இல்லையென்றால் இதை ஆரம்பிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

டியூஷன்தான் மணிக்கணக்கில் எனக்கு அதிகம் கொடுத்தது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, கணக்கு மட்டும், ஒரு பிள்ளைக்கு மாதம் 600 ரூபாய். ஆறேழு பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய்க்குக் குறையாது. முதலீடு என்று பார்த்தால் ஒரு வெள்ளைப் பலகையும் பாயும்தான்.

பணத்தைத் தாண்டி இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 1/2 + 1/4 என்பதற்கு மேலேயும் மேலேயும் கூட்டி, கீழேயும் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதினான். பள்ளியில் இதற்கு அவனுக்குப் பலமுறை சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது. மாவு எடை போடும் தராசை எடுத்துவந்து அரைக் கிலோ மாவு வைக்கச் சொன்னேன், அதற்கு மேல் கால் கிலோ. 750 கிராம் காட்டியது. இப்போது ஒரு கிலோவில் 2/6 எவ்வளவு என்று வகுக்கச் சொன்னேன். 333 வந்தது. "அக்கா, கூட்டினதுக்கு அப்புறம் அரைக் கிலோவை விடக் கம்மியாயிடுச்சே" என்றான். அதன் பிறகு மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டியூஷனில் இரண்டு சிக்கல் உண்டு. ஜூனில் ஆரம்பித்து மார்ச் வரைதான் வருமானம். ஏப்ரல், மே காலி. அதனால் ஆண்டுக் கணக்கைப் பத்து மாதத்துக்குப் போட்டு, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பாக்கி. "சம்பளம் வந்ததும் தர்றேனுங்க" என்பவரிடம் எப்படிக் கறாராக இருப்பது? பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மாதம் 10ஆம் தேதிக்குள் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, தேதி தாண்டினால் பெற்றோருக்கு மட்டும் செய்தி அனுப்புவேன். பிள்ளைகள் முன்னால் பணப் பேச்சே எடுப்பதில்லை. ஆசிரியராக வேலை பார்ப்பவர்கள் இந்த வழியை யோசிக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது.

மற்றவர்களும் உங்கள் நியமனக் கடிதத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். வேறு வருமானம் கூடாது என்று பல நிறுவனங்கள் ஒரு வரி போட்டிருக்கும். நான் எங்கள் ஹெச்ஆரிடம் எழுதிக் கேட்டு, மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆன்லைன் மொழிபெயர்ப்பைப் பற்றி இளைஞர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, வார்த்தைக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேலே என்று ஒரு ஏஜென்சி வழியாக ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் நல்ல வருமானம். மருந்துப் பெட்டிக் குறிப்பு, செயலி அமைப்புகள், வங்கிப் படிவம் என்று விதவிதமாக வரும். ஃபைவர் (Fiverr) என்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளத்திலும் கணக்கு வைத்திருந்தேன். அங்கே நாம் சம்பாதிப்பதில் 20 சதவீதம் தளத்துக்குப் போய்விடும். அதன் பிறகு டாலரை ரூபாயாக்கும்போது கொஞ்சம் போகும். இதைத் தெரிந்துகொண்டுதான் விலை போட வேண்டும்.

அப்புறம் ஏஐ வந்தது. இப்போது பெரும்பாலும் மொழிபெயர்க்கச் சொல்லி வருவதில்லை, மெஷின் மொழிபெயர்த்ததைத் திருத்தச் சொல்லித்தான் வருகிறது. கூலி பாதிக்கும் கீழே. வேலை பாதியாகக் குறைந்ததா என்றால் இல்லை. மெஷின் தமிழ் மேலோட்டமாகச் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்துப் பார்க்காமல் விட முடியாது. ஒருமை பன்மை, மரியாதை விகுதி, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் கலைந்து கிடக்கும். பிரித்துக் கட்டுவதற்குப் புதிதாகவே எழுதிவிடலாம் என்று தோன்றும். ஒரு ஏஜென்சி இரண்டு மாதப் பணத்தை இழுத்தடித்ததும் சேர, இந்தப் பக்கத்தை வெகுவாகக் குறைத்துவிட்டேன். தெரிந்தவர்கள் நேரடியாகக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்கிறேன். சட்டம், மருத்துவம் மாதிரி ஒரு துறை கையில் இருப்பவர்களுக்கு இதில் இன்னும் இடம் உண்டு. பொதுவான மொழிபெயர்ப்பை நம்பிப் புதிதாக இறங்க வேண்டாம்.

சேலை ரீசெல்லிங் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ச் சேலைகளை மொத்த வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார்கள், நாம் 80, 100 ரூபாய் கூட்டி ஸ்டேட்டஸில் போட வேண்டும். நல்ல சரக்குதான். ஆனால் ஒரு சேலை விற்பதற்குள் "வேற கலர் இருக்கா, பிளவுஸ் பிட் இருக்கா, கட்டினா எப்படி இருக்கும்" என்று இரவு பதினொரு மணி வரை பதில் சொல்ல வேண்டும். படத்தில் மெரூன், கையில் வந்தது தக்காளிச் சிவப்பு என்றால் நஷ்டம் நம் தலையில். எனக்குச் சேலை அனுப்பிய வியாபாரி திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். மணிக்கணக்குப் போட்டதும் நிறுத்திவிட்டேன்.

டெலிவரி வேலை என் வீட்டுக்காரர் மாலை ஏழு முதல் பத்து வரை செய்தது. மழை நாளிலும் ஞாயிறு இரவிலும் நல்ல காசு, மற்ற நாட்களில் ஹோட்டல் வாசலில் காத்திருப்பே அதிகம். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலையும் டயர் தேய்மானத்தையும் கழித்தால் மனதுக்கு நிறைவாக இருக்காது. முழு நேரமாகச் செய்கிறவர்களுக்கு ஒன்று: தமிழ்நாடு அரசு 2023இல் கிக் தொழிலாளர்களுக்கென்று, அதாவது இப்படிச் செயலி வழியாக வேலை செய்கிறவர்களுக்கென்று, தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியமும் அறிவித்தார்கள். வாரியத்தில் பதிவு செய்யாமல் இருப்பவர்கள் பதிவு செய்துகொள்ளுங்கள்.

டெலிகிராமில் வரும் "பார்ட் டைம் வேலை"யைத் தொடவே தொடாதீர்கள். ஹோட்டலுக்கு ரேட்டிங் போடு, வீடியோவுக்கு லைக் போடு என்று முதலில் 150, 200 நிஜமாகவே அனுப்புவார்கள். அப்புறம் "பிரீமியம் டாஸ்க்" என்று நம்மிடம் பணம் கட்டச் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி நகை அடகு வைத்த பணத்தை இதில் இழந்தாள். அவள் அழுததை நான் பார்த்தேன். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிப் போய்க்கொண்டே இருக்கும். வேலை தருகிறவர் உங்களிடம் பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று எதைக் கேட்டாலும் அது வேலையே இல்லை.

வருமான வரியையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தோடு வியாபார வருமானமும் இருந்தால் ஐடிஆர் 1 என்ற எளிய வரிக் கணக்குப் படிவத்தைப் போட முடியாது. மாவு மாதிரி சிறு வியாபாரத்துக்கு உத்தேச வருமான முறை இருக்கிறது. யூபிஐ, வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டி ஐடிஆர் 4 போடலாம். உண்மையான லாபம் அதைவிட அதிகமாக இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். இதனாலேயே மாவுக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி கியூஆர் கோடும் வைத்திருக்கிறேன்.

இப்போது நிலையாக ஓடுவது மாவும் டியூஷனும்தான். வாரம் ஒரு நாள் ராகி மாவும் கேட்கிறார்கள், சர்க்கரை இருப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். புதன்கிழமை மட்டும், முன்பே சொன்னவர்களுக்கு மட்டும் அரைத்துப் பார்க்கிறேன். ராகி மாவு அரிசி மாவைவிடச் சீக்கிரம் புளிக்கிறது, இரண்டு நாளைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். கிலோ 60 என்று விலை வைத்திருக்கிறேன். ஒரு வெயில் காலம் தாண்டினால்தான் அது கட்டுபடியாகுமா என்று தெரியும்.