காலையில் வரும் எக்செல் தாள்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

மன்னார்குடியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறேன். சம்பா பருவத்தில் எந்த ஊரில் என்ன பூச்சி இறங்கியிருக்கிறது என்று நாலு நாள் முன்னதாகத் தெரிந்தால் எங்களுக்கு அதுவே காசு. பேஸ்புக்கிலும் யூடியூப் பின்னூட்டங்களிலும் டெல்டா விவசாயிகள் பொதுவில் எழுதுவதைத் திரட்டி, தினமும் காலையில் எக்செல் தாளாக அனுப்பும் சேவை ஒன்றுக்கு அதனால்தான் மாதம் 1,500 ரூபாய் கட்டினேன்.

பயன் இல்லாமல் இல்லை. கார்த்திகையில் கோட்டூர்ப் பக்கம் ‘பயிர் வட்ட வட்டமாகக் கருகுகிறது’ என்ற பதிவுகள் திடீரென்று கூடின. நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிதான். யூரியாவை அள்ளிப் போட்டு, தண்ணீரையும் வடிக்காமல் நிறுத்திய வயலில் அது எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பெனிப் பிரதிநிதி வாய் திறப்பதற்கு முன்பே மருந்து இருப்பு வைத்துவிட்டேன்.

தேடல் சுத்தமில்லை. ‘சம்பா’ என்றால் சம்பா கோதுமை ரவை உப்புமாவும் சீரகச் சம்பா பிரியாணியும் சேர்ந்தே வருகின்றன. நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈ என்று குறித்திருந்த ஒரு பதிவில் யாரோ ஆனைக்கொம்பன் வெண்டை விதை கேட்டிருந்தார். போகட்டும், சிரித்துவிட்டு விடலாம்.

பெயர், ஊர், படம், கைபேசி எண், ‘மனநிலை’, ‘பணத் தேவை’ என்று நீளும் பத்திகளைத்தான் விட முடியவில்லை. நாற்று விற்கக் கொடுத்த எண்ணை எடுத்து, அதே ஆள் வேறெங்கோ புலம்பியதற்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். என் கடைக்கு வரும் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிறது என்று இரவில் எழுதியிருக்கிறார். காலையில் தேடினால் பதிவு இல்லை, அவரே நீக்கிவிட்டார். என் தாளில் மட்டும் ‘பணத் தேவை: அதிகம்’ என்ற குறிப்போடு இருக்கிறது. அவர் எனக்கும் பாக்கி வைத்திருப்பவர். இதே தாள் ஊரில் எத்தனை வட்டிக்கடைக்குப் போகிறதோ!

கேட்டால், “அவர்களே பொதுவில் போட்டதுதானே சார், சட்டம் தடுக்கவில்லை” என்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட விவரங்களுக்குப் பொருந்தாதுதான். ஆனால் மச்சானின் எண்ணை மைத்துனர் பின்னூட்டத்தில் எழுதினால் அது அந்த விலக்கில் வராது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யத்தை அடித்துப் போட்டபோது எத்தனை பேருடைய எண்களை, தெருக்களை, ‘கைக்குழந்தை இருக்கிறது’ என்ற செய்தியை யார் யாரோ பகிர்ந்தார்கள். பால் பவுடரும் தார்ப்பாயும் வந்து சேர அது தேவைப்பட்டது. கடன் விற்கிறவனுக்காக யாரும் எழுதவில்லை.

திரட்டவே கூடாது என்பது என் கட்சியல்ல. இந்தப் பூச்சிக் கணக்கு என்னைவிட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குத்தான் அதிகம் பயன்படும். ஆனால் முறையாகப் போகிறவருக்குத்தான் வழி குறுகுகிறது. பதிவுகளைத் திரட்ட ஆய்வாளர்களுக்கு இருந்த இலவச வழியை டுவிட்டர் 2023இல் அடைத்தது. பேஸ்புக்கில் எது பரவுகிறது என்று காட்டிய கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடியது. மாற்றாகத் தந்த தரவு நூலகத்துக்குள் நுழைய, கல்வி நிறுவனத்தையோ லாபநோக்கற்ற அமைப்பையோ சேர்ந்தவர்கள் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். புளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்தில் பொதுப் பதிவுகளை யாரும் காசில்லாமல் எடுக்கலாம். புகையானைப் பற்றி எழுதத்தான் அங்கே ஆளில்லை. நிரலை ஏவிப் பதிவுகளை அள்ளிக்கொண்டு போகிறவர்களோ எங்கும் விண்ணப்பம் போடுவதில்லை.

பெயரும் எண்ணும் வேண்டாம், பிர்கா வாரியாக எண்ணிக்கை மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். “அப்படிக் கொடுத்தால் யார் சார் வாங்குவார்கள்?” என்று பதில் வந்தது. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. வேறு யாராவது எண்ணிக்கையை மட்டும் தருவதாக இருந்தால் மாதம் 800 ரூபாய் வரை கொடுப்பேன்; வெண்டை விதையை ஈயோடு சேர்க்காமல் இருந்தால் இன்னும் நூறு கூட்டித் தருகிறேன்.