டயலொக்கா, ரெலிகொம்மா: விற்கும் நாளில் வாங்க ஆள் வேண்டும்

2023 கடைசியில் சீட்டுக் காசு கைக்கு வந்தபோது நிலையான வைப்பு வட்டி இறங்கத் தொடங்கியிருந்தது. நானும் சகலனும் யாழ்ப்பாணத்திலிருந்தே பங்குகளை வைத்திருக்கத் தேவையான சீடிஎஸ் கணக்குத் திறந்தோம். தொலைத்தொடர்புப் பங்குதான் வாங்குவது என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். அவர் ஸ்ரீ லங்கா ரெலிகொம் வாங்கினார், நான் டயலொக் வாங்கினேன்.

"வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுத்தவன் ரெலிகொம்காரன். மொபிடெல்லும் அவனுடையதுதானே, பிறகென்ன யோசனை?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சேவையின் தரம், கோபுரங்கள் எல்லாம் நாம் தினமும் பார்ப்பவை, அதில் எழுத அதிகமில்லை. தரகுக் கட்டணமும் வரிகளும் சேர்ந்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம். இதுவும் இரண்டுக்கும் ஒன்றே.

நான் டயலொக் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், பங்கு யார் கையில் இருக்கிறது என்பது. ரெலிகொம்மில் திறைசேரியிடம் 49.5 வீதம், மலேசிய முதலீட்டாளரிடம் ஏறத்தாழ 45 வீதம். மிச்சம் ஐந்தரை வீதம்தான் சந்தையில் சுழல்கிறது. டயலொக்கில் அதன் மலேசியத் தாய் நிறுவனமான அக்ஸியாட்டாவிடம் கிட்டத்தட்ட 74 வீதம். 2024இல் எயார்டெல் லங்காவைக் கொடுத்து பாரதி எயார்டெல் பெற்றது 10 வீதத்துக்குச் சற்று மேல். அதன் பிறகும் 16 வீதமளவு வெளியே இருக்கிறது.   திரையில் வாங்குவோர், விற்போர் வரிசையைப் பாருங்கள். டயலொக்கில் பத்துச் சதம் கீழே இறங்கினாலே வாங்க ஆள் நிற்கும். ரெலிகொம்மில் அமைதியான நாட்களில் கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் நடுவே ரூபாய்க் கணக்கில் இடைவெளி விழும். மகளின் படிப்புக்கு என்று போட்ட காசு எனக்கு. அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால் அந்த இடைவெளி என் தலையில்தான் விழும்.

பங்கு இப்படி இறுகிக் கிடப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. 2023இல் ரெலிகொம் நட்டக் கணக்குக் காட்டியது, ஆனாலும் அரசாங்கம் தன் பங்கை விற்கப்போகிறது என்ற பேச்சே விலையைப் பிடித்து வைத்திருந்தது. ஆட்சி மாறியதும் அந்த விற்பனை நின்றுபோனது. காலாண்டு அறிக்கையைப் படித்து முடிவெடுக்கும் என் போன்றவனுக்கு அமைச்சரவைத் தீர்மானத்தை ஊகிக்கத் தெரியாது.

டயலொக்கும் சும்மா இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது, டொலர்க் கடனால் பெரிய நட்டம் கண்டது. அப்போது பார்க்கவேண்டியது அறிக்கையின் அடியில் வரும் இறுதி இலாப நட்டத் தொகையை அல்ல. நாணய மாற்று நட்டத்தை ஒதுக்கிவைத்து, தொழிலில் வந்த வருமானம் ஏறியதா என்று பாருங்கள். ரூபாய் மறுபடி சரிந்தால் இந்த அடி திரும்பவும் விழலாம். அப்படியொரு காலத்தைப் பங்கை வைத்திருந்து கடந்த அனுபவம் எனக்கில்லை, நான் வந்தது அதற்குப் பிறகு.

ரெலிகொம்மின் இலாபம் 2025இல் நன்றாக ஏறியிருக்கிறது, சகலனுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். பத்து வருடம் தொடாமல் வைக்கப் போகிறவர் என்றால் அவர் தெரிவைப் பிழை சொல்ல மாட்டேன். நான் வரும் பங்கிலாபத்தில் 15 வீத வரி போக மிஞ்சுவதை மீண்டும் டயலொக்கிலேயே போட்டு வருகிறேன்.